ஏசி வாங்கும் முன் மொட்டை மாடியைக் கவனியுங்கள்!

கரன்ட் பில் ஏறாமல் கோடையில் வீட்டைக் குளிர வைக்கும் வழிகள்

சித்திரை பிறந்துவிட்டால் கிராமங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கடன் வாங்கி, பல வருஷம் பாடுபட்டுக் கட்டிய காங்கிரீட் வீடு காலியாகக் கிடக்கும். குடும்பமே வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருக்கும். பக்கத்தில் உள்ள கீற்றுக் கொட்டகையில் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே வெக்கை தணிந்துவிடும். புது வீட்டுக்குள்ளோ நள்ளிரவு வரை மின்விசிறி அனல் காற்றைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கும்.

கீற்றுக் கூரை ஒழுகும், தீப்பிடிக்கும், பாம்பு நுழையும். அதனால் காங்கிரீட் வீட்டுக்கு மாறுவதில் தவறில்லை. குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-ம் ஆண்டு தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்திலும் 360 சதுர அடியில் காங்கிரீட் தளம் போட்ட வீடுகள் எழும்பி வருகின்றன. இனி கிராமத்தில் பெரும்பாலோர் தலைக்கு மேல் இருக்கப் போவது காங்கிரீட் தளம்தான். அந்தத் தளத்தைக் கோடையில் எப்படிப் பராமரிப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

வெயில் காலம் வந்தால் விவசாயக் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, ‘ஏசி வாங்கலாமா, ஏர்கூலர் போதுமா?’ என்பதுதான். இரண்டுமே உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைச் சமாளிக்கும் கருவிகள். வெப்பத்தை உள்ளே வர விடாமல் தடுக்கும் வேலையை முதலில் செய்துவிட்டால், பல வீடுகளுக்கு இரண்டுமே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் சின்ன கருவியே போதும். கரன்ட் பில்லும் குறையும்.

இது வெறும் வசதி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. பகல் முழுக்க வயலில் வெயில் வாங்கிய உடம்பு, இரவுத் தூக்கத்தில்தான் சூடு தணிந்து மீள்கிறது. இரவிலும் வீடு கொதித்தால் அடுத்த நாள் வேலையில் மயக்கம், தலைசுற்றல், வெப்பத்தாக்கு எல்லாம் எளிதாக வந்து சேரும். வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது உயிர்ப் பிரச்னை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்ததும் இதனால்தான்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கோடையில் தமிழ்நாட்டில் உச்சி வேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும், மதுரையில் ஏப்ரல் நடுவிலும், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் உச்சிப் பொழுதில் நம் நிழல் காலடியிலேயே விழும். அதையொட்டிக் கத்திரி வெயில். இந்த நாட்களில் சுவர்களைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேகமில்லாத உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. 1,000 சதுர அடி வீடு என்றால் 93 சதுர மீட்டர். அதாவது, 90 கிலோவாட்டுக்கும் மேல். பாசி படிந்து கறுத்துப்போன சிமென்ட் தளம், அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அது 60 கிலோவாட். ஒன்றரை டன் ஏசியால் வெளியேற்ற முடிந்த வெப்பமோ 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உறிஞ்சிய வெப்பத்தில் பெரும் பகுதி காற்றிலும் வானத்திலும் கலந்துவிடும். மிச்சம் உள்ளே இறங்குவதே வீட்டைக் கொதிக்க வைக்கப் போதுமானது.

இன்னொரு விஷயமும் உண்டு. நான்கைந்து அங்குல காங்கிரீட் தளத்தின் மேல்பக்கச் சூடு, அடிப்பக்கம் வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். மேல்பக்கம் உச்சி வேளையில் 60 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். அந்தச் சூடு சாயங்காலம் உள்கூரைக்கு வந்து, அங்கிருந்து நம் மேல் இறங்கும். இரவில் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குவதற்கு இதுதான் காரணம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி உள்கூரையைத் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் இது புரிந்துவிடும்.

குறைந்த செலவு, நிறைந்த பலன்... சுண்ணாம்பு!

தளத்துக்கு வெள்ளையடிப்பதுதான் முதல் வேலை. புதிதாக அடித்த கெட்டியான சுண்ணாம்புப் பூச்சு, விழும் வெயிலில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறையும். தளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில் பலன் அதிகம் தெரியும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அகமதாபாத் நகரத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் ஏராளமானோர் இறந்தார்கள். அதன் பிறகு 2013-ல் அங்கே வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் வந்தது. ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் பிறகு அதில் சேர்ந்தது. தெலங்கானா அரசு 2023-ல் வெண்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை; சுண்ணாம்புக்கு இருக்கும் வெண்மைதான் வேலை செய்கிறது.

செய்முறை இதுதான்:

• மாசி, பங்குனி மாதங்களில் ஒரு மழையில்லாத நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாசி, மண், பழைய உதிர் பூச்சு எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

• கல் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு எதுவானாலும் சரி. ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் முந்தைய நாளே ஊற வைக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும் என்பதால் இரும்பு டிரம்மைப் பயன்படுத்த வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் பக்கத்தில் விடக் கூடாது.

• மறுநாள் நன்றாகக் கலக்கி, துணியில் வடிகட்டி, ஃபெவிகால் வகைப் பசையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் பூச்சு சீக்கிரம் உதிராது.

• தளத்தை லேசாக நனைத்துவிட்டு, காலையிலோ சாயங்காலமோ மெல்லிசாக அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் பூச்சு சட்டென்று காய்ந்து பொடிப் பொடியாக உதிரும். ஒரே பூச்சாகக் கெட்டியாக அடிப்பதைவிட, காய விட்டு மூன்று பூச்சு அடிப்பது நல்லது.

இந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். ஆண்டுதோறும் பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல, பங்குனியில் தளத்துக்கு அடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தவர்கள், கடையில் கிடைக்கும் வெயில் எதிரொளிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம். அது சில ஆண்டுகள் உழைக்கும். டைல்ஸ் கடைகளில் உடைந்துபோன வெள்ளை டைல்ஸ் துண்டுகளை மலிவாக வாங்கிப் பதிப்பது இன்னும் நீடித்த வழி. ஆனால், மழையில் வழுக்கும். வத்தல் காயப்போட ஏறுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். எதைச் செய்தாலும், மேலே தூசி படிந்தால் வெண்மை போய்விடும். கோடையில் ஒன்றிரண்டு முறை பெருக்கிவிடுவது அவசியம்.

பந்தல் போடத் தெரிந்தவருக்குக் கூரை நிழல் பெரிதா?

சுண்ணாம்புக்கு அடுத்தது நிழல். வெயில் தளத்தைத் தொடாமலேயே செய்துவிட்டால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. இந்த வேலை விவசாயிகளுக்குக் கை வந்த கலை. நாற்றங்காலுக்கு வாங்கிய நிழல்வலை பலரிடம் சும்மா கிடக்கும். 50 முதல் 75 சதவிகித நிழல் தரும் வலையை, ஆறேழு அடி உயரத்தில் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கட்டலாம். வலையைத் தளத்தின் மேல் அப்படியே விரித்துவிடக் கூடாது. இடையில் காற்று ஓடினால்தான் வலையின் சூடு தளத்துக்கு இறங்காது. ஆடிக்காற்று தொடங்கும் முன் வலையைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சட்டத்தோடு பறந்துவிடும்.

கொடிப்பந்தல் போட்டால் நிழலோடு காயும் கிடைக்கும். தை மாதத்தில் சுரை, பீர்க்கன், பாகல் விதைத்தால் சித்திரையில் பந்தல் மூடிவிடும். கோவைக்காயைத் தண்டு நட்டு ஏற்றிவிட்டால் பல ஆண்டுகளுக்கு இருக்கும். வேரைத் தரையிலேயே வைத்து, கயிறு கட்டிக் கொடியை மட்டும் மாடிக்கு ஏற்றுவது நல்லது. தொட்டியில் வளரும் செடியைவிடத் தண்ணீர் தேவை குறையும். தளத்துக்குப் பாரமும் இல்லை.

பாரம் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். ‘மாடி முழுக்க மண் கொட்டித் தோட்டம் போட்டால் வீடு குளிரும்’ என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். அரை அடி உயரத்துக்கு ஈர மண் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும். மக்கள் நடமாடும் சாதாரண வீட்டு மாடித் தளம், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் தாங்கும் கணக்கில்தான் கட்டப்படுகிறது. பொறியாளரிடம் கேட்காமல் மண் பரப்பக் கூடாது. தொட்டிகளையும் நடுத் தளத்தில் குவிக்காமல், சுவர் வரும் இடங்களுக்கு மேலே வரிசையாக வைக்க வேண்டும்.

தென்னங்கீற்றைத் தளத்தின் மேல் பரப்புவது பழைய வழக்கம். பலன் உண்டு. ஆனால், பக்கத்தில் விறகு அடுப்போ, பட்டாசு வெடிக்கும் திருவிழாவோ இருந்தால் ஆபத்து. வைக்கோலை மாடியில் அடுக்குவது கூடவே கூடாது.

மேற்குச் சுவருக்கு வாழை, தூரத்தில் வேம்பு

கூரைக்கு அடுத்தபடி சூடாவது மேற்குச் சுவர். பிற்பகல் வெயில் சாய்வாக நேரே அதன்மேல் அறைகிறது. அந்தப் பக்கம் படுக்கையறை இருந்தால் இரவு முழுக்க அந்தச் சுவர் வெக்கையைக் கக்கும்.

குளியலறை, சமையலறைக் கழிவுநீர் போகும் இடத்தில் மேற்குப் பக்கமாக நான்கைந்து வாழை வைத்தால், ஆறேழு மாதத்தில் சுவருக்கு நிழல் கிடைத்துவிடும். நிரந்தர நிழலுக்கு வேம்பு, புங்கன் ஏற்றவை. இரண்டுமே இலை உதிர்த்து, கத்திரி வெயிலுக்கு முன்பே புதுத் தளிர் விட்டுவிடும் மரங்கள். சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நட வேண்டும். அரசு, ஆல் போன்றவற்றை வீட்டருகே வைக்கக் கூடாது; வேர் அஸ்திவாரத்தைப் பதம் பார்த்துவிடும். மரம் வளரும்வரை மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, பழைய சாக்கோ, நிழல்வலையோ தொங்கவிடலாம். திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுவதைவிட, தட்டியை வெளியே கட்டுவதில் பலன் அதிகம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில், திரையில் பட்டாலும் வெப்பமாக உள்ளேயேதான் தங்கும்.

ஜன்னலுக்கும் நேரம் காலம் உண்டு

‘காற்றோட்டம் வேண்டும்’ என்று பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைப்பது பலரும் செய்யும் தவறு. கரூர், வேலூர், ஈரோடு போன்ற உள்மாவட்டங்களில் மதியம் வெளிக்காற்று 40 டிகிரியைத் தொடும்போது, திறந்த ஜன்னல் அனலைத்தான் உள்ளே கொண்டுவரும். காலை ஒன்பது மணி வாக்கில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சாயங்காலம் வெளியே உள்ளதைவிட உள்ளே புழுக்கம் என்று தோன்றியதும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். விடியற்காலைக் குளிர்காற்று சுவர், தரை எல்லாவற்றையும் குளிர வைத்துவிட்டால், அடுத்த நாள் மதியம்வரை அந்தக் குளுமை தாங்கும். கடலோர ஊர்களில் கணக்கு வேறு. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் திறந்துவிடலாம்.

சூடான காற்று மேலேதான் போகும். அது வெளியேற மேலே வழி வேண்டும். பழைய வீடுகளில் சுவர் உச்சியில் வெண்டிலேட்டர் வைத்தது இதற்காகத்தான். பல வீடுகளில் அதை அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். எடுத்துவிட்டுக் கொசுவலை அடிக்கலாம். மாடிப்படி உள்ளே ஏறும் வீடாக இருந்தால், படி முடியும் இடத்தில் உள்ள கதவுக்குக் கம்பிக் கதவும் கொசுவலையும் போட்டு, இரவில் திறந்து வைக்கலாம். வீட்டின் வெப்பக் காற்று புகைபோக்கியில் போவதுபோல அதன் வழியாக வெளியேறிவிடும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் செய்ததும் இதே வேலையைத்தான்.

வீட்டுக்குள்ளேயே உருவாகும் வெப்பத்தையும் குறைக்க வேண்டும். சமையலைக் காலை வெயில் ஏறும் முன் முடிப்பது, விறகு அடுப்பை வெளியே கொட்டகையில் வைப்பது, ஃபிரிட்ஜைச் சுவரை ஒட்டாமல் நகர்த்தி வைப்பது, பார்க்காத டிவியை நிறுத்துவது எல்லாம் இதில் சேரும். வீட்டுக்குள் எரியும் மின்சாரத்தில் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது.

மின்விசிறி, ஏர்கூலர், ஏசி... எது எவ்வளவு இழுக்கும்?

மேலே சொன்னதைச் செய்த பிறகுதான் கருவிகளுக்கு வர வேண்டும்.

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். பி.எல்.டி.சி எனப்படும் புது வகை ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரண்டு மாதத்துக்கு 27 யூனிட்தான். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் என்றால், மூன்று ஃபேனுக்கு 120 யூனிட் மிச்சம். சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாகிவிட்டது. அதனால், வாங்கும்போது நட்சத்திரத்தையும் வாட் அளவையும் பார்த்து வாங்கலாம். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. வியர்வையை உலர்த்தி நம் உடம்பைத்தான் குளிர வைக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடுவது வீண். அதேபோல, காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உதவாது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதும், தண்ணீர் குடிப்பதும், குளுமையான இடத்துக்கு நகர்வதும்தான் வழி.

ஏர்கூலர் 150 முதல் 200 வாட் இழுக்கும். வறண்ட காற்று உள்ள உள்மாவட்டங்களுக்கு ஏற்றது. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பிசுபிசுப்புதான் கூடும். கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்கு கொசு பெருகிவிடும்.

ஏசி விஷயத்துக்கு வருவோம். கொதிக்கும் தளத்துக்குக் கீழே உள்ள அறையில் ஒன்றரை டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால், மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். 2022 செப்டம்பரில் அமலான கட்டண முறைப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த விலையும் போய்விடும். ஏசி ஒன்று போதும், ஒரு நடுத்தரக் குடும்பத்தை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்க.

வீட்டில் நோயாளியோ, வயதானவரோ இருந்து ஏசி அவசியம் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால், தளத்துக்கு வெள்ளையடித்து நிழல் போட்டு, ஒரே ஓர் அறைக்கு மட்டும் சின்னதாக வாங்குவதே சிக்கனம். 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு.

தொழுவத்துக்கும் விதைக்கும் இதே வைத்தியம்

கோடையில் கலப்பினப் பசுக்கள் தீவனம் குறைத்து, பாலும் குறைப்பது எல்லோருக்கும் தெரியும். தகரக் கொட்டகையின் மேல்பக்கத்துக்கு வெள்ளையடித்து, அடியில் ஓர் அடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டினாலே மாடுகளுக்கு வெக்கை நன்றாகக் குறையும்.

அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். சேமிப்பு அறையின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால், விதையின் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது விதை நுட்பத்தில் பழைய விதி. கொதிக்கும் தளத்துக்கு அடியில் பரணில் வைத்த விதைக்கும், வடக்குப் பக்கக் குளுமையான அறையில் தரையோடு பலகை மேல் வைத்த விதைக்கும் முளைப்புத்திறனில் வித்தியாசம் வரும்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு...

வீட்டின் நீளவாக்குச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்த்து இருந்தால் வெயில் தாக்கம் குறையும். மேற்கில் படுக்கையறைக்குப் பதிலாகப் படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை வைக்கலாம். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலம் போட்டு, தட்டோடு பதிக்கும் பழைய முறையைச் செலவு என்று கைவிடக் கூடாது. அது மழைக்கும் காவல், வெயிலுக்கும் காவல். ஜன்னல்களுக்கு மேலே அகலமான சன்ஷேடும், எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னலும் அவசியம். சுவர் கட்டும்போது, கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையைக் கேட்டுப் பார்க்கலாம். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது இது. செங்கல் செலவு சுமார் கால் பங்கு குறையும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் முக்கியம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*தினமும் சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளித்தால் போதாதா?*

குளிரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால், கிணறு வற்றும் காலத்தில் தினமும் தண்ணீர் செலவழிப்பது எல்லோருக்கும் முடியாது. தளத்தில் விரிசல் இருந்தால் கசிவும் வரும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் மட்டும், வெயில் தணிந்த பிறகு, ஈரம் படும் அளவுக்குத் தெளித்தால் போதும். தேங்க விடக் கூடாது.

*சுண்ணாம்பு அடித்தால் ஒழுகல் நிற்குமா?*

நிற்காது. சுண்ணாம்பு வெயிலுக்கு மட்டுமே. ஒழுகும் தளத்துக்கு முதலில் அதற்கான பழுதுபார்ப்பு தேவை. மழைநீர் சேகரிக்கும் வீடுகளில், முதல் ஒன்றிரண்டு மழை நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிட வேண்டும்.

*எங்களுடையது சிமென்ட் ஷீட் கூரை. என்ன செய்யலாம்?*

ஷீட் மெல்லியது, வெயில் பட்ட உடனே வெக்கை உள்ளே இறங்கும். மேலே வெள்ளைப் பூச்சும், அடியில் இடைவெளி விட்டுப் பனையோலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுவதும் நல்ல பலன் தரும். தட்டி, அடுப்புக்கு மேலே வரக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ, அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதன் மேல் ஏறி நிற்பதும் ஆபத்து, உடைந்து விழுந்துவிடும்.

*உள்கூரையில் தெர்மாகோல் ஒட்டலாமா?*

வேண்டாம். தீப்பிடித்தால் மளமளவென்று உருகி, நச்சுப்புகை கக்கும். வெப்பத்தைத் தளத்துக்கு மேலேயே தடுப்பதுதான் சரியான முறை.

*சோலார் பேனல் போட்டால் வீடு குளிருமா?*

பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்று போகும்படி உயர்த்திப் பொருத்தினால், அது மறைக்கும் பகுதிக்கு நிழல் கிடைக்கும். ஒரு கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை. தினமும் 4 யூனிட் அளவில் மின்சாரம் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. ஆனால், முதலில் தளத்தைக் குளிர வைத்து மின் தேவையைக் குறைத்துவிட்டு, பிறகு பேனல் அளவை முடிவு செய்வதே லாபம்.

*இந்தக் கோடைக்கு இனி என்ன செய்ய முடியும்? கொடி வளர்க்க நேரமில்லையே?*

இந்த வாரமே தளத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கலாம். கையில் உள்ள நிழல்வலையை மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டலாம். அடைத்து வைத்த வெண்டிலேட்டரைத் திறக்கலாம். இந்த மூன்றுக்கும் ஒரு கூலி ஆள் சம்பளமும், ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் போதும். கொடிக்கும் மரத்துக்கும் இப்போதே இடத்தைக் குறித்து வைத்தால், வாழையையும் வேம்பையும் ஆடிப்பட்டத்தில் நடலாம். சுரையையும் பீர்க்கனையும் தை மாதத்தில் விதைக்கலாம்.